முதலில் சிரிக்க வேண்டும்

அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருக்க, மூத்த மகள் சமையலறை ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எழவு வீட்டுல என்னடி அலங்காரம்?” சித்தி வந்து நின்றாள். “வந்தவங்க வாயில விழப்போற.”

“தம்பிகிட்டப் பேசணும் சித்தி.”

சித்தி குரலைத் தாழ்த்தினாள். “அவனுக்கு இன்னும் சொல்லலையா?”

“இப்பத்தான் சொல்லப் போறேன்.”

நெப்டியூனையும் தாண்டி ஒரு குறுங்கோளை நோக்கிப் போகும் கப்பலில் இருந்தான் தம்பி. ஆறு பேருக்குக் காற்றும் தண்ணீரும் சூடும் கொடுக்கிற இயந்திரங்கள் அவன் பொறுப்பு. “பக்கத்துக் கடைக்கு அனுப்பினாலே பாதி வழியில வேடிக்கை பாத்துட்டு நிப்பான். இவன் அவ்வளவு தூரம் போறானாம்” என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இங்கே காலையில் பேசினால் அவனுக்கு மாலையில்தான் கேட்கும். கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றுதான். “எது நடந்தாலும் மறைக்காதக்கா.” அவளும் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

விண்வெளி மையத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி, வழக்கம்போல் சமையலறை ஃப்ரிட்ஜுக்கு எதிரே கேமராவை நிறுத்தினாள். பார்த்தால் கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள்.

“இன்னைக்கு ராத்திரி இறங்குறாங்க. அதுவரைக்கும் கெட்ட சேதி அனுப்புறதில்லைங்கிறது எங்க வழக்கம். ஆனா குடும்பம் பேசறதை நாங்க வெட்டமாட்டோம். அதான் கேட்டுக்கறேன். அவர் ஒரு வால்வைத் தப்பாத் திருப்பினா…”

“தெரியும்.”

“முதல்ல சிரிங்க, அப்புறம் பேசுங்க. ‘நல்லா இருக்கோம்’னு ஒரு தடவைக்கு மேல சொல்லாதீங்க, சந்தேகம் வரும்.”

“நான் சத்தியம் பண்ணியிருக்கேம்மா.”

கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அழுகை உயர்ந்தது. அதிகாரி தயங்கினாள். “கொஞ்சம் மெதுவா அழச் சொல்ல முடியுமா?”

“மெதுவா அழறதுக்கு இதென்ன ஆஸ்பத்திரியா?” என்றாள் சித்தி. ஆனாலும் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் காலையில் அனுப்பியது சற்றுமுன்தான் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அதிகாரி திரையைத் திருப்பி வைத்தாள்.

தம்பி சிரித்தான். அப்புறம் பேசினான்.

“நல்லா இருக்கோம்க்கா.”

ஒரே ஒரு தடவை.

கப்பல் டாக்டரின் குறட்டையைத் திட்டாமல் அவனுக்குப் பேச்சே தொடங்காது. அந்த டாக்டரும் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பழிப்புக் காட்டுவார். இன்று குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்னால் யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை.

“அம்மாவ மாத்திரைய ஒழுங்காப் போடச் சொல்லு. ஏமாத்தும் அது. இறங்கினதும் பேசறேன்.”

கழுத்துவரை தடித்த உடை போட்டிருந்தான். பேசப் பேச அவன் வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி வந்தது.

திரை அணைந்தது.

“உள்ள அவ்வளவு குளிருமா?”

“எப்பவும் ஒரே சூடுதான் இருக்கும்” என்றாள் அதிகாரி. சொன்ன பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

“என்கிட்டயும் கெட்ட சேதி சொல்லக் கூடாதா?” என்றாள் மகள்.

அதிகாரி கேமரா ஸ்டாண்டின் திருகாணியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்ததைத்தான் மறுபடி மறுபடி இறுக்கினாள்.

விடியற்காலையில் மூச்சுக்குத் திணறியபோது அம்மா பிடித்த பிடி மணிக்கட்டில் இன்னும் சிவந்திருந்தது. மகள் சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

“ஆரம்பிம்மா.”

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் சிரித்தாள். நினைத்ததைவிடக் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம், அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.