கல் பிரபுவின் கல்யாணம்

அப்பா பிரான்சில் நடந்த போரில் இறந்துபோனதால், ஹார்ட்மியர் பிரபு என்ற பட்டத்தை வாங்கிக்கொள்ள நான் மன்னரின் மண்டபத்துக்குள் நுழைந்தேன். நுழையும்போது எனக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. சிம்மாசனத்தை அடைந்தபோது மீசை முளைத்திருந்தது. இங்கிலாந்தில் மண்டபங்கள் அப்படித்தான். நடக்க நடக்க நீளும்.

"ஏன்யா இவ்வளவு லேட்டு?" என்றார் மன்னர்.

"நடந்து வந்தேன், மகாராஜா."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

எதிர்வாசல் வழியாக ஒரு பெண்ணும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தாள். பெயர் ஹாவிஸ். சிறுமியாகக் கிளம்பியவள், பொம்மை இன்னும் கையில் இருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் மன்னர் எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.

"பொம்மையை யாரு வச்சுக்கிறது?" என்று கேட்டேன்.

"மாத்தி மாத்தி வச்சுக்கலாம்" என்றாள் ஹாவிஸ். அப்போதே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

மன்னர் என்னைத் தமது இடது கையுறைக்குக் காவலனாக நியமித்தார். வலது கையுறைக்காரர் விருந்தில் தும்மிவிட்டதால் அதுவும் எனக்கே வந்தது. பிறகு வடக்கு எல்லையில் மூடுபனிக்குத் தளபதியானேன். மூடுபனியை அணிவகுத்து நடத்தினேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் எதுவும் தெரியாமல் தடவித் தடவி வீடு திரும்பினார்கள். அதை வெற்றி என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

பெரிய பதவிக்கு வந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கல்லறை கட்டிக்கொள்வது வழக்கம். அதன்மேல் தங்களைப் போலவே ஒரு சிலையைப் படுக்கவைப்பார்கள். நானும் எங்கள் சர்ச்சில் ஒன்று செய்யச் சொன்னேன். சிலை என்னைவிட உயரம். மூக்கும் நேராக இருந்தது. வேலை முடிந்த மறுநாள் அது எழுந்து, காலடியில் படுத்திருந்த கல் நாயைத் தாண்டி, என் குதிரையில் ஏறி அரசவைக்குப் போய்விட்டது. குதிரைதான் பாவம்.

அரசவையில் சிலைக்கு நல்ல பெயர். அது இருமவில்லை. எதிர்த்துப் பேசவில்லை. மன்னர் சொல்வதைக் கண் இமைக்காமல் கேட்டது. முறையிடலாமென்று நானும் போனேன். வாசற்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"யாரு?"

"ஹார்ட்மியர் பிரபு."

"அவர் உள்ள இருக்காரே."

"அது கல்லுப்பா."

"அதனால என்ன?"

வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அந்த ஆண்டு மன்னரின் சித்தப்பா கலகம் செய்தார். அது சரியா தப்பா என்று மன்னர் எல்லாப் பிரபுக்களையும் கேட்டார். எல்லாரும் தப்பு என்றார்கள். சிலை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அது ராஜதுரோகம் என்று தீர்ப்பாயிற்று. சிலையின் தலையை வெட்டப் போனார்கள். கோடரி உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. வெட்டுபவர் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். அப்போதுதான், வீட்டில் கொஞ்சம் மிருதுவான ஹார்ட்மியர் ஒருவர் இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது.

நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். வீரர்கள் வருவதை ஹாவிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"கிளம்புங்க."

"எங்கே?"

"சர்ச்சுக்கு. நீங்க செத்துப் போகணும்."

காலியாகக் கிடந்த கல்லறைமேல் என்னைப் படுக்கவைத்தாள். கைகளைக் குவித்துவைத்தாள். முகத்தில் கோதுமை மாவைத் தடவினாள். கல் நாய் என் காலை மோந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வீரர்களின் தலைவர் சர் ட்ரோகோ உள்ளே வந்தார். "பிரபுவோட கழுத்து வேணும்மா."

"அவர் செத்துட்டார்" என்றாள் ஹாவிஸ்.

அவர் என் காதருகே குனிந்தார். "பிரபு, செத்துட்டீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "நல்ல மனுஷன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணீரில் மாவு குழைந்து கன்னத்தில் இறங்கியது. அவர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

ஒரு ஹார்ட்மியர் செத்துவிட்டதால் தண்டனை நிறைவேறியது. சிலைக்கு மன்னிப்பு கிடைத்தது. ஆனால் பட்டம் ஓரிடத்திலும் விதவை ஓரிடத்திலும் இருப்பது நாட்டுக்கு நல்லதல்ல என்றார் மன்னர். ஹாவிஸ் சிலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கல்யாணம் அதே சர்ச்சில்தான். நான் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன். எழுந்தால் கழுத்து போகும். படுத்திருந்தால் ஹாவிஸ் போவாள். எழுந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அதற்குள் பாதிரியார் அவளிடம் கேட்டார். "சம்மதமா?"

"முதல்ல அவர் சொல்லட்டும் ஃபாதர்" என்றாள் ஹாவிஸ்.

பாதிரியார் சிலையின் பக்கம் திரும்பினார். "சம்மதமா, பிரபு?"

சிலை ஒன்றும் சொல்லவில்லை.

"யோசிக்கிறாரு. ஆழமான ஆளு. அவசரப்படுத்தாதீங்க" என்றார் மன்னர்.

எல்லாரும் காத்திருந்தார்கள். மெழுகுவர்த்திகளை மாற்றினார்கள். வெளியே பனி கொட்டி, உருகி, மறுபடியும் கொட்டியது. பாதிரியாரின் தாடி இடுப்பைத் தாண்டியது. மன்னர் குறட்டை விட்டார். சிலை யோசித்துக்கொண்டே இருந்தது.

ஹாவிஸ் கல்யாண உடையோடு வந்து என் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தாள். முக்காட்டுக்குள் ஒரு ஆப்பிளை நறுக்கினாள். யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை என் வாயில் வைத்தாள்.

"மெல்லாதீங்க" என்றாள், உதடு அசையாமல். "சத்தம் கேக்கும்."

நான் மெல்லவில்லை. கரையும்வரை வாயிலேயே வைத்திருந்தேன். இனிப்பான ஆப்பிள்.