அண்ணனுக்கு எந்தக் கடை

…பழைய கடைதான் சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அங்கேயிருந்துதான் துணி அவ்வளவு அழுக்காகத் திரும்பி வருகிறது, சாப்பாடு வாய்க்குப் பிடிக்காத இடத்தில் எவன் மேசைவிரிப்பு முழுக்கக் குழம்பைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான், என்று நினைத்தபடியே அவள் தள்ளுவண்டியை நடைபாதை விளிம்பின் மேல் ஏற்றினாள், ஒரு சக்கரம் ஏறியது, இன்னொன்று அடம்பிடித்தது, இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளு. வண்டியில் வெளுத்து மடித்த விரிப்புகள், இஸ்திரிச் சூடு இன்னும் போகவில்லை, மேலே கை வைத்தால் தூங்குகிற பிள்ளையின் முதுகு மாதிரி இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு கடை, இரண்டும் பிரெஞ்சுச் சாப்பாடுதான், இரண்டுக்கும் பெயர்ப்பலகையில் பிஸ்ட்ரோ என்றுதான் போட்டிருக்கிறது, ஒன்று அவள் சலவைக்கூடத்தில் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது, இன்னொன்று போன மழைக்குத்தான் திறந்தார்கள். இரண்டின் பின்வாசலும் அவளுக்குத் தெரியும். முன்வாசல் வழியாக ஒன்றில்கூட நுழைந்ததில்லை. நாளை மதியம் நுழைய வேண்டும், அண்ணனோடு… எந்த வாசல் என்று இன்றைக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொல்வதென்றால், வியாழக்கிழமை தொண்டையில கத்தி வைக்கிறான், அப்புறம் எத்தனை மாசமோ குழாய் வழியாத்தான் ஊத்துவானாம், அதுக்கு முன்னாடி ஒரு தரம் உருப்படியா உக்காந்து சாப்பிடணும், நீதான் பெரிய பெரிய கடைத் துணியெல்லாம் துவைக்கறியே, எங்க போலாம்னு நீ சொல்லு கழுதை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவனின் குரல், எப்போதும் தெருமுனை வரை கேட்கும், இப்போது காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவள் பேசாமல் இருந்திருக்கலாம், வீட்டுக்கு வா, நான் சமைக்கிறேன் என்றிருக்கலாம், ஆனால் வாய் முந்திக்கொண்டது, பிஸ்ட்ரோவுக்குப் போலாம்ணே, என்றாள். அது என்னடி, மருந்துக்கடை பேரு மாதிரி இருக்கு, என்றான். சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நெடுநேரம் போயிற்று. அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள், அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமலா, இல்லை, இருமுகிறவனுக்கு ஒரு மறைவு வேண்டும் என்றா… தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கறை. சிவப்பு ஒயின் எது, கடுகுச் சாந்து எது, பூண்டும் வெண்ணெயும் சேர்ந்து நத்தை ஓட்டிலிருந்து ஒழுகியது எது, சாக்லேட் எது, எல்லாம் வெந்நீரில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். சலவைக்கூடத்தில் பிரிக்கும் மேசையைச் சுற்றி நின்று அவளும் கூட வேலை செய்கிற பெண்களும் நாலைந்து பேர் இதை வைத்தே ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் இடம் போடுவார்கள், இவன் கடைத் துணியப் பாருடி, சாப்பிட்டுட்டுத் துணியையும் கடிச்சிருக்கான், முதல் இடம் அவனுக்குத்தான், என்று. அதில் பழைய கடை என்றைக்கும் மேலே. புதுக்கடைக்கு மேசைவிரிப்பே கிடையாது, வெறும் மரம், அனுப்புவது கைத்துணி மட்டும், அதிலும் உதட்டுச்சாயம், எப்போதாவது பச்சையாக ஒரு சொட்டு. சாப்பாட்டைக் கண்ணால பாத்துட்டு எழுந்து போயிடுவாங்க போல, என்று அவளே நக்கலடித்திருக்கிறாள், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாய்கூடத் தின்று பார்க்காதவர்கள் கொடுத்த பரிசு. இப்போது அண்ணனின் ஒரு வேளைச் சோறு அந்தப் பரிசின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

பழைய கடையின் பின்கதவைத் திறந்தது வழுக்கைத் தலைப் பரிமாறுபவர், கறுப்பு அரைக்கோட்டு, கழுத்துப் பட்டை இன்னும் கட்டவில்லை, வா துணிக்காரம்மா, என்றார், வழக்கம் போல. வழக்கமாக அவள் மூட்டையை மாற்றிக்கொண்டு போய்விடுவாள், இன்று நின்றாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், பித்தளைக் கம்பி, பெரிய கண்ணாடி, அதில் அவள் தலை மட்டும் தெரிந்தது, முக்காடு அவிழ்ந்து, திருடவந்தவள் மாதிரி. ஐயா, உங்க கடையில என்ன நல்லாயிருக்கும், என்று கேட்டாள். யாருக்கு? எங்க அண்ணனுக்கு. பல்லெல்லாம் இருக்கா உங்க அண்ணனுக்கு? பல்லுக்கு ஒண்ணும் இல்லீங்க, தொண்டைதான், வியாழக்கிழமை ஆபரேஷன், என்றாள், சிரிக்கப்போன அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் மரியாதையாக, ஒவ்வொன்றாக விரல் மடக்கி யோசித்தார், வெங்காய சூப் நல்லது, ஆனா மேல சுட்ட ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மிதக்கும், கட்டி நூல்நூலா இழுக்கும், தொண்டையில போய் ஒட்டிக்கிச்சுன்னா வம்பு, ஒயின்ல வெந்த கோழின்னா எலும்பு, வாத்துக்கால்னா தோலு மொறுமொறுன்னு இருக்கும்… அம்பது வருசமா ஒரே பட்டியல்மா, மாத்தச் சொன்னா சமையக்காரன் கரண்டிய வீசிடுவான். பரவாயில்லைங்க, உங்க துணியப் பாத்தாலே தெரியுதே, ஜனங்க எப்படி ரசிச்சுச் சாப்பிடறாங்கன்னு, என்றாள் அவள், அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, தன்னையும்தான்.

அவர் அவளையே பார்த்தார், பிறகு வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன, காற்றில் இலை ஆடுகிற மாதிரி அல்ல, சலவை இயந்திரம் கடைசியாகப் பிழிகிறபோது மேலே வைத்த தம்ளர் ஆடுமே, அப்படி, சின்னதாக, நிற்காமல். உன் கறையெல்லாம் இதும்மா, என்றார். அவங்க எங்க சிந்தறாங்க? நான்தான் சிந்தறேன், சாஸ் ஊத்தறப்ப, ஒயின் ஊத்தறப்ப. முதலாளி துணியத்தான் பாக்கறாரு, கையப் பாக்கல. நீ பாட்டுக்குப் போயி எங்கயும் சொல்லி வைக்காதே. சொல்ல மாட்டேங்க, என்றாள். யாரிடம் சொல்வது, பிரிக்கும் மேசையில் போய், அடியே, நாம இத்தனை காலம் முதல் இடம் குடுத்தது ஒரு கிழவன் கைநடுக்கத்துக்குத்தான்டி என்றா? சிரிப்பு வந்தது, கூடவே என்னவோ காலுக்குக் கீழே பலகையை உருவிய மாதிரியும் இருந்தது. சாப்பாடு மோசம்னு சொல்லல, நல்லாத்தான் இருக்கும், கூட்டிட்டு வா, ஜன்னலோரம் போட்டுத் தர்றேன், என்றார் அவர். நாளைக்குச் சொல்றேங்க… இல்லை, நாளைக்கு இல்லை, இன்னிக்கே சொல்றேன், என்று அழுக்கு மூட்டையை வண்டியில் போட்டாள், ஒயின் வாடை புளிப்பாக மேலே வந்தது.

தெருவைக் கடக்கும்போது, அப்படியென்றால் ஒன்றும் தெரியாதவளாகத்தான் இத்தனை நாள்… என்று ஓடியது மனசு, எந்த வேலை செய்கிறவனுக்கும் அவன் வேலை வழியாக உலகமே தெரிவதாக ஒரு நினைப்பு, அப்பா செங்கல் சூளையில் நின்றுகொண்டு, வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தே வீட்டுக்காரன் குணத்தைச் சொல்வேன் என்பார், ஒரு தரமும் சரியாக இருந்ததில்லை, சூளை முதலாளியை நல்லவன் என்று கடைசி வரை நம்பினார். சூளையில் ஒரே தட்டு. மத்தியானக் கஞ்சியை அம்மா அந்தத் தட்டில்தான் ஊற்றுவாள், அண்ணனுக்கும் இவளுக்கும் சேர்த்து, நடுவில் கோடெல்லாம் கிடையாது, கஞ்சியில் எப்படிக் கோடு போடுவது, யார் வேகமோ அவருக்கு. அவன் வேகம். குனிந்தால் நிமிரமாட்டான், அவள் இரண்டு கை அள்ளுவதற்குள் தட்டு பளபளக்கும், அழுதால், உனக்கு வாய் சின்னது கழுதை, நான் என்ன செய்யட்டும், என்பான். அம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டாள், செங்கல் சுமக்கிறவன் அவன்தானே. ஞாயிற்றுக்கிழமை அவன் தொண்டை என்றதும் அவள் மனதில் முதலில் வந்தது என்ன… என் பங்கெல்லாம் இறங்கின தொண்டை, என்று வந்தது. ஒரு நொடிதான். உடனே அந்த நினைப்பை ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பிழிந்து போட்டுவிட்டாள், ஆனால் வந்தது வந்ததுதான்.

புதுக்கடையின் பின்வாசல் திறந்தே கிடந்தது, சமையல்காரப் பெண் படியில் உட்கார்ந்து மண் ஒட்டிய ஒரு வெள்ளைக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள், கடையும் அவளுடையதுதான், சமையலும் அவள்தான், முழங்கை வரை அடுப்புச் சுட்ட தழும்பு வரிவரியாக. அந்தத் தழும்புகளை இவள் இதற்கு முன் பார்த்ததில்லை, அல்லது பார்த்திருப்பாள், கைத்துணியை எண்ணுகிற அவசரத்தில் மனதில் ஏறியிருக்காது. நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேருக்கு இடம் கிடைக்குமா தங்கச்சி? யாருக்குக்கா? எனக்குத்தான்… எனக்கும் எங்க அண்ணனுக்கும். கத்தி ஒரு கணம் நின்றது, மறுபடி சீவியது, அந்த ஒரு கணத்தில் இவளுக்குக் காது மடல் வரை சுட்டது. ஆனால் அந்தப் பெண், அப்பாடா, தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணாவது உள்ள வரப்போகுது, வர்றதெல்லாம் தட்டைப் போட்டோ புடிக்கிற கூட்டம், என்றாள். உங்க கடைத் துணியில அழுக்கே இல்லையே, சாப்பிடுவாங்களா மாட்டாங்களா, என்று இவள் கேட்டேவிட்டாள். போட்டோ எடுத்தாலும் பசி விடுமாக்கா, கடைசியில ரொட்டியால தட்டைத் துடைச்சுத் தின்னுடறாங்க, தட்டே கழுவ வேண்டியதில்ல, துணிக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஆக, அதுவும் போயிற்று. அங்கே கறை இருந்தது கையால், இங்கே கறை இல்லாதது ரொட்டியால். இனிமேல் எதை வைத்துத்தான் முடிவு செய்வது…

அண்ணனின் தொண்டையைப் பற்றிச் சொன்னாள், வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னாள், போன வாரம் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்தே தின்றான், அதிலும் பாதி அப்படியே இருந்தது என்பதைச் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொண்டாள், செருமியதும் தனக்குத் தொண்டை சரியாக இருப்பதே ஏதோ குற்றம் மாதிரிப் பட்டது. அந்தப் பெண் ஐயோ பாவம் என்று ஒன்றும் சொல்லவில்லை, நல்லவேளை. கத்தியைக் கீழே வைத்தாள். வழவழன்னு இறங்குற மாதிரி பண்ணலாம்க்கா, இதோ இந்தக் கிழங்க வேகவச்சு வெண்ணெய் ஊத்தி மசிச்சா பஞ்சு மாதிரி வரும், மாட்டுக் கன்னத்துக் கறி இருக்கு, காலையில ஒயின்ல போட்டா மத்தியானத்துக்குள்ள கரண்டி பட்டாலே கரையும், மீன அடிச்சு நுரையாட்டம் பண்ணலாம், பழைய சமையல்தான் எல்லாம், நான் கொஞ்சம் மாத்தி வைக்கிறேன், அவ்வளவுதான், பட்டியலைத் தூக்கிப் போடுங்க, அவருக்கு என்ன புடிக்குமோ அதச் சொல்லுங்க. அவருக்கு என்ன புடிக்கும்?

அண்ணனுக்கு… எல்லாம் சாப்பிடுவான், என்றாள். எல்லாம் சாப்பிடுவாரு சரி, புடிக்கிறது எது? கருகினதைத் தின்பான், புளித்ததைத் தின்பான், அரைவேக்காட்டைத் தின்பான், சுடச்சுடத் தின்பான், ஆறிப் பாறையாகிப் போனதையும் தின்பான், இந்த மனுஷனுக்கு உப்புப் போடாம வச்சாலும் தெரியாது, கண்ணில் விரலை விட்டு ஆட்டினாத்தான் நிமிருவாரு, என்று அண்ணி உயிரோடு இருந்தவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இது நல்லாயிருக்கு என்று அவன் சொல்லி இவள் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்டதில்லை. அடுத்தவள் பங்கையும் சேர்த்துத் தின்கிறவனுக்கு ருசி ரொம்பத் தெரியும் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள், தட்டைப் பிடுங்கினவன் என்றுதானே… அந்தத் தட்டில் என்ன இருந்தது என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்குமா? இருங்க, கேட்டுடறேன், என்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

கிடங்கின் இரைச்சல் முதலில் வந்தது, பிறகு அவன். என்ன கழுதை, கடையப் புடிச்சிட்டியா? புடிச்ச மாதிரிதான், அண்ணே, உனக்கு என்ன புடிக்கும்? எதுல? சாப்பாட்டுலண்ணே. எதாயிருந்தா என்ன, போடறதத் திங்கறேன். இல்லண்ணே, சமைக்கிறவங்க கேக்குறாங்க, பக்கத்துலதான் நிக்கிறாங்க, உனக்குப் புடிச்சதப் பண்ணித் தர்றாங்களாம். என்னையா கேக்குறாங்க? உன்னைத்தான். இரைச்சல் குறைந்தது, எங்கோ ஒதுங்கிப் போயிருக்கிறான், ஒரு கதவு சாத்துகிற சத்தம். இரு, யோசிச்சுச் சொல்றேன், வச்சுடாத, என்றான். அவள் வைக்கவில்லை. அவன் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, உள்ளே ஏதோ உரசுகிற மூச்சு, வந்து போய், வந்து போய். யோசிக்கிறாரு, என்று சமையல்காரப் பெண்ணிடம் வாயசைத்தாள், அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள், தோல் நீளமாகச் சுருண்டு படியில் விழுந்தது. என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று பார்த்தாள், ஒன்றும் தட்டுப்படவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டாள். சாப்பாட்டு விஷயத்தில் அண்ணன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. மெதுவா யோசிண்ணே, என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சொன்னால் எங்கே அவசரப்பட்டுவிடுவானோ என்று, சொல்லாமல், போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.