ஸ்டோய்னாவிடம் யார் சொல்வது

ஸ்டோய்னாவின் பெருங்குடலில் இருப்பது புற்றுநோய் என்ற முடிவு, அறுவை மருத்துவர் வெலிச்காவின் மேசைக்கு வருவதற்குள் ஸ்டோய்னாவின் வீட்டுக்குப் போய்விட்டது. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஸ்டோய்னாவின் கணவன் மெதோடிக்குத் தூரத்துச் சொந்தம். அவனும், போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டோய்னாவின் தம்பி கவ்ரிலும், ஆவி பறக்கும் பானிட்சா என்ற சீஸ் அப்பத்தை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு வெலிச்காவின் அறைக்குள் வந்தார்கள்.

"வீட்ல சுட்டது, டாக்டரம்மா. உள்ள வச்சிருக்கற சீஸ்கூட நம்ம ஆட்டுப்பால்ல போட்டதுதான்," என்றான் மெதோடி.

"வாசனையே தூக்குது. நர்ஸுங்க ரூம்ல வச்சிருங்க, எல்லாரும் சாப்பிடட்டும். என்ன விஷயம்?"

கவ்ரில் கதவைச் சாத்தினான். "விஷயம் எங்களுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியக் கூடாது. அல்சர்னு சொல்லிருங்க, போதும்."

"தெரிஞ்சா அன்னிக்கே உசிரை விட்ருவா," என்றான் மெதோடி. அவசரமாகச் சவரம் செய்த தாடையில் வெட்டுக்காயம் இருந்தது. "அவங்க அம்மா அப்படித்தான் போனாங்க. விஷயம் தெரிஞ்சதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவங்கதான்."

வெலிச்காவுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. நோயை நோயாளியிடம் மறைப்பதைத்தான் அந்த மலையூரில் பாசம் என்று நினைத்தார்கள். ஆனால் அதற்காக அவள் வளைந்து கொடுப்பதாகவும் இல்லை.

"சரி, அல்சர்னே சொல்றேன்னு வைங்க. குடலை வெட்டி எடுக்கணும். ஒருவேளை மலம் போக வயித்துல வழி பண்ணி, வெளிய ஒரு பை மாட்ட வேண்டி வரும். கண் முழிச்சதும் 'அல்சருக்கு எதுக்கு இந்தப் பை'ன்னு கேப்பாங்க. நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

மெதோடி மைத்துனனைப் பார்த்தான். கவ்ரில் நெஞ்சை நிமிர்த்தினான். "கையெழுத்துதானே வேணும்? நான் போடறேன்."

"வெட்டப் போறது உங்க வயிறுன்னா தாராளமா போடுங்க."

மதியத்துக்குள் மருத்துவமனை இயக்குநர் பாய்சேவ் கூப்பிட்டனுப்பினார். கவ்ரிலோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர்.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதானே, வெலிச்கா. சின்னப் பொய். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவங்களுக்குப் புத்தி தெளிவா இருக்கு, சார். ஏமாத்தி வாங்கின சம்மதத்தை வச்சுக்கிட்டு கத்தியைத் தொட்டா சட்டப்படி நான் குற்றவாளி. சட்டமே இல்லேன்னாலும் தொட மாட்டேன். உடம்பு அவங்களோடது." அவள் உட்காரவில்லை. "இன்னொண்ணு. எனக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு ரிசல்ட் எப்படிப் போச்சு? இன்னிக்கே உங்ககிட்ட எழுத்துல புகார் குடுக்கறேன். விசாரிச்சுத்தான் ஆகணும்."

பாய்சேவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்னால் செய்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். "போய்ச் சொல்லு. ஆனா பக்குவமா."

"அவசரத்துல யாரையும் நான் கிழிச்சதில்ல, சார்."

மேல்மலைக் கிராமங்களுக்குப் பேருந்து ஓட்டுகிறவள் ஸ்டோய்னா. உரத்த குரல். பக்கத்துக் கட்டில்காரியிடம் பனிச்சாலையில் வண்டி வழுக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவளை, வெலிச்கா தனியறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்தி, எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க ரிசல்ட் வந்திருக்கு. எல்லாத்தையும் சொல்லட்டுமா? இல்ல, எனக்கு வேணாம், வீட்டுக்காரங்ககிட்ட பேசிக்கோங்கன்னு சொல்றீங்களா? எப்படின்னாலும் அது உங்க இஷ்டம்."

ஸ்டோய்னா சிரித்தாள். "காலைலேர்ந்து எம் புருஷன் அல்சர்தான், அல்சர்தான்னு சொல்லிக்கிட்டு என் கையை விடவே இல்ல. கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல. அப்பவே தெரிஞ்சு போச்சு. பேரைச் சொல்லுங்க."

வெலிச்கா பெயரைச் சொன்னாள். எங்கே இருக்கிறது, எதை வெட்ட வேண்டும், பை ஏன் தேவைப்படலாம் என்பதையும் சொன்னாள். ஸ்டோய்னா தன் முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பையை வச்சுக்கிட்டு பஸ் ஓட்ட முடியுமா?"

"புண் ஆறினதும் ஓட்டலாம். கொஞ்ச மாசம் கழிச்சு அதை எடுத்துடவும் வாய்ப்பிருக்கு. நோய் குடலைத் தாண்டிப் போனதா ஸ்கேன்ல தெரியல. ஆனா திறந்து பாக்காம நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"அது போதும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மாகிட்ட யாருமே சொல்லல, தெரியுமா? அவங்களாத்தான் கண்டுபிடிச்சாங்க. எங்க மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காம திரும்பிப் படுத்துட்டாங்க." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆபரேஷன் பண்ணுங்க. ஆனா இனிமே எல்லாம் எனக்கு மட்டும்தான். எம் புருஷனுக்கும் தம்பிக்கும் ஒரு வார்த்தை போகக் கூடாது."

"போகாது."

சாயங்காலம் நடைபாதையில் இருவரும் வெலிச்காவை மறித்தார்கள்.

"சொல்லிட்டீங்களா? என்ன சொன்னா? அழுதாளா?" என்று கேட்டான் மெதோடி.

"அவங்க அனுமதி இல்லாம நான் எதுவும் சொல்ல முடியாது."

"நாங்க ரத்த சொந்தம்மா!" என்று கவ்ரில் குரலை உயர்த்தினான்.

"அதான் சொல்றேன். உள்ளதான் இருக்காங்க, நேரா போய்க் கேளுங்க."

திருடர்களை மிரட்டி உண்மையைக் கறந்த கவ்ரில், அக்காவின் அறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். மெதோடிதான் கதவைத் தட்டினான். "வாங்கடா வாங்க, அல்சர் டாக்டருங்களா!" என்ற குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. திட்டு வெகுநேரம் விழுந்தது. பிறகு மூன்று பேரும் சேர்ந்து அழும் சத்தம். வெலிச்கா கேட்டுக்கொண்டு நிற்காமல் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாள்.

பரிசோதனைக் கூடத்துப் பெண் கண்ணீரோடு வந்து புகாரைத் திரும்பப் பெறச் சொன்னாள். வெலிச்கா மறுத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எச்சரிக்கையும் இடமாற்றமும் கிடைத்தன.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுதாக வெளியே வந்தது, ஆனால் பை வைக்கத்தான் வேண்டியிருந்தது. அதை மாற்றக் கற்றுக்கொள்ள மெதோடி தானாகவே வந்து நின்றான். கோழி அறுப்பதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன், நர்ஸ் காட்டியபடி நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு ஓரங்களை ஒட்டினான். முதல் தடவை கோணலாகப் போயிற்று.

"பிச்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டு," என்றாள் ஸ்டோய்னா.

அவன் மறுபடி ஒட்டினான்.