ஒன்றரை அங்குல ரகசியம்

"சார், காலைக் கழட்டுங்க."

ஸ்பேனர் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "காலையா?"

"ஷூவை சார், ஷூவை. நாக்கு புரண்டுடுச்சு. காலையிலேர்ந்து நாப்பது ஜோடிக் கால் பாத்துட்டேன்" என்று முட்டி போட்டபடியே சிரித்தார் விற்பனையாளர்.

உண்மையிலேயே காலைக் கழற்றச் சொல்லியிருந்தால்கூட ஸ்பேனர் இந்த அளவுக்கு ஆடிப்போயிருக்க மாட்டான். ஷூவைத்தான் கழற்ற முடியாது. அதுவும், கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பூட்ஸ் அலமாரியை விசாரணை அதிகாரி மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறாளே, அவள் முன்னால் சத்தியமாக முடியாது.

காரணம், அந்த ஷூக்களுக்குள் ஸ்பேனர் மட்டும் குடியிருக்கவில்லை. இடது குதிகாலுக்குக் கீழே ஒன்று, வலது குதிகாலுக்குக் கீழே ஒன்று என இரண்டு ரப்பர் மெத்தைகள் பதுங்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம்.

ஸ்பேனர் அந்த ஐந்து மாடி வணிக வளாகத்தின் லிஃப்ட் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள், முதல் மாடியில் ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள். தொப்பை வந்தால் பேன்ட்டைப் பிரித்துக் கொடுப்பாள், தொப்பை போனால் பிடித்துக் கொடுப்பாள். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுபோனது. ஸ்பேனர் மூன்றாவது மாடிக் கதவைத் திறந்து, மேலேயிருந்து குனிந்து ஏணியை இறக்கினான். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவள் சொன்ன முதல் வார்த்தை:

"அம்மாடி! எவ்வளவு உயரம்!"

கீழேயிருந்து பார்த்தால் முக்காலிகூட உயரம்தான் என்பது அந்த நேரத்தில் அவன் மூளைக்கு எட்டவில்லை. வாழ்நாளில் யாருமே அவனைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை அது. அன்று சாயங்காலமே மெத்தைகளை வாங்கிவிட்டான். ஐந்தடி ஐந்தரை அங்குலமாகப் படுத்தவன், மறுநாள் ஐந்தடி ஏழாக வேலைக்கு வந்தான்.

அதற்கப்புறம் மூன்று மாதங்களாக ஷூவும் கையுமாக, இல்லை, ஷூவும் காலுமாகத்தான் வாழ்க்கை. அவள் மூன்று தடவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டிவருமே என்று மூன்று தடவையும் வயிற்றுவலி என்றான். நாலாவது தடவை அவள் கூப்பிடவில்லை. ஒரு வயிற்று டாக்டரின் முகவரியைக் கொடுத்தாள்.

சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் வாயைத் திறந்தான். அன்று பார்த்து ஒரு வாடிக்கையாளர் இடுப்பளவில் இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் கத்தரியை மேசையில் வைத்த வேகத்தில் பொத்தான் டப்பா குதித்தது. "அளவுல பொய் சொல்ற ஆளை மட்டும் நான் நம்பவே மாட்டேன்" என்றாள். ஸ்பேனர் திறந்த வாயில் காப்பியை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டான்.

இரண்டாவது மாடியில் அவள் அண்ணனுக்கு ஸ்ட்ரீட்வேர் கடை. தொளதொள ஹூடி, பக்கவாட்டில் பையாகத் தைத்துத் தள்ளிய கார்கோ பேன்ட், தொப்பி. நாளை காலை பத்து மணிக்கு, கடைச் சுவரில் ஒட்ட ஆளுயரப் படம் எடுக்கிறார்கள். மாடல் வேண்டாம், நிஜ ஆள் வேண்டும் என்று அண்ணன் சொல்ல, அவள் ஸ்பேனரைச் சொல்லிவிட்டாள். "படம் எடுத்து முடிச்சதும் அண்ணன்கிட்ட நம்ம விஷயத்தையும் சொல்லிடறேன்" என்று காதோரம் சொன்னபோது ஸ்பேனர் மிதந்தான். "ஹூடி இருக்கு, பேன்ட் நான் தச்சிட்டேன், பூட்ஸ் மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை சேந்து போய் வாங்கலாம்" என்றபோது தரையில் விழுந்தான்.

"சார், கழட்டட்டுமா?"

ஸ்பேனர் பதில் சொல்வதற்குள் விற்பனையாளரின் அனுபவப்பட்ட கை ஷூவை உருவிவிட்டது. ஷூவோடு சேர்ந்து மெத்தையும் உருண்டு கம்பளத்தில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன விழுந்துச்சு?" என்றாள் அவள், அலமாரியிலிருந்து திரும்பாமலே.

விற்பனையாளர் சட்டென்று பெட்டி மூடியை எடுத்து மெத்தையின் மேல் கவிழ்த்தார். "ஒண்ணுமில்ல மேடம், மூடி!"

ஸ்பேனர் கையெடுத்துக் கும்பிடாத குறை. விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க சார். நானும் உங்க கட்சிதான்." நெற்றிப் பக்கம் விரலை விட்டு, தன் அடர்ந்த கறுப்புத் தலைமுடியை அரை அங்குலம் தூக்கிக் காட்டிவிட்டு இறக்கினார். "அஞ்சு வருஷமாச்சு. வீட்டுல இன்னும் தெரியாது."

அவள் இரண்டு பூட்ஸ்களோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "இது செல்சி. லேஸ் கிடையாது, பக்கத்துல எலாஸ்டிக். இது லேஸ் கட்டறது, அடி நல்லா தடியா இருக்கு. ரெண்டையும் போட்டுப் பாருங்க."

ஸ்பேனர் செல்சியை ஆசையோடு பார்த்தான். கூர் மூக்கு, பளபளப்பு. விற்பனையாளரும் அவனும் ஒரு பார்வை பரிமாறிக்கொண்டார்கள். அவள் பக்கத்து வரிசைக்குச் சாக்ஸ் பார்க்கப் போன அரை நிமிடத்தில் மெத்தை செல்சிக்குள் குடியேறியது. ஆனால் ஸ்பேனரின் கால் குடியேற மறுத்தது. காலை உள்ளே தள்ளும் தகட்டை விட்டு நெம்பினார்கள். எழுந்து ஓரடி வைத்தான். குதிகால் பூட்ஸைவிட்டுப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"உள்ள இருக்கறவரு காலி பண்ணணும், இல்லன்னா பெரிய வீடா பாக்கணும் சார்" என்று கிசுகிசுத்தார் விற்பனையாளர்.

"என்ன வீடு?" அவள் சாக்ஸோடு முன்னால் நின்றாள்.

"வாடகை வீடு மேடம். சாருக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேருக்கு."

அவள் செல்சியைக் குனிந்து பார்த்தாள். "இது வேண்டாம். பேன்ட் அகலமா இருக்கு. அதுக்குக் கீழ இந்த ஊசி மூக்கு வந்தா, பந்தலுக்கு அடியில பல்லி எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும். அகலமான பேன்ட்டுக்கு அடி கனமா இருக்கணும். பளபளப்பும் வேண்டாம். சாம்பல் ஹூடி, பாசிப் பச்சை பேன்ட், மங்கின கறுப்பு பூட்ஸ். அவ்வளவுதான். லேஸ் வெச்சதையே போடுங்க."

லேஸ் பூட்ஸில் இடம் தாராளமாக இருந்தது. இடது மெத்தை அழகாக உட்கார்ந்தது. வலது மெத்தை இன்னும் பழைய ஷூவுக்குள் இருந்தது. அதை எடுக்கக் குனிந்த நேரத்தில்...

"போட்டாச்சா? நடந்து காட்டுங்க."

வேறு வழியில்லை. ஸ்பேனர் எழுந்தான். இடது பக்கம் ஐந்தடி ஏழு, வலது பக்கம் ஐந்தடி ஐந்தரை. புயலில் மாட்டிய படகு மாதிரி கடைக்குள் ஒரு சுற்று வந்தான். ஒரு வாடிக்கையாளர் எழுந்து வழிவிட்டார். இன்னொருவர் பரிதாபப்பட்டுத் தன் பெஞ்சைக் கொடுத்தார்.

"ஏன் இப்படி நடக்கறீங்க?"

"ஸ்... ஸ்ட்ரீட்வேர் நடை. இப்போ ஸ்ட்ரீட்டுல எல்லாரும் இப்படித்தான் நடக்கறாங்க."

"எந்த ஸ்ட்ரீட்டுல? குழி தோண்டிப் போட்ட ஸ்ட்ரீட்டுலயா?"

விற்பனையாளர் இருமலில் சிரிப்பை மறைத்தார். அவள் பைக்குள்ளிருந்து பாசிப் பச்சை கார்கோ பேன்ட்டை எடுத்து ஸ்பேனரின் தோளில் போட்டாள். "இதையும் போட்டுட்டு வாங்க. ரெண்டும் சேந்து எப்படி இருக்குன்னு பாக்கணும்."

பேன்ட்டுக்கு அவள் அளவே எடுத்திருக்கவில்லை. கேட்டதற்கு, "கண்ணாலயே எடுத்தாச்சு" என்று சொல்லியிருந்தாள். அப்போது அது காதலாகப் பட்டது.

உடை மாற்றும் அறைக்குள், திரைக்கு அடியில் விற்பனையாளரின் கை நுழைந்து வலது மெத்தையை வைத்துவிட்டு மறைந்தது. ஸ்பேனர் இரண்டு கால்களிலும் முழு உயரத்தோடு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தான். தப்பித்தாயிற்று. இனி நாளை பத்து மணிவரை தாக்குப்பிடித்தால் போதும்.

கண்ணாடியைப் பார்த்தான். சிரிப்பு உறைந்தது.

பேன்ட் நுனி பூட்ஸைத் தொடவில்லை. துவைத்துச் சுருங்கிய ஜன்னல் திரை மாதிரி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு பெரிய கறுப்பு பூட்ஸ்கள், யாரோ விட்டுவிட்டுப் போன சாமான்கள்போலத் தனியாக நின்றன.

அவள் அருகே வந்து முட்டி போட்டாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். டேப்பை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஒன்றரை அங்குலம் கம்மி" என்றாள்.

ஸ்பேனர் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஆறு வருஷத்துல என் அளவு தப்பினதே கிடையாது. நுனி பூட்ஸ் மேல வந்து விழுந்து, ஒரே ஒரு மடிப்பு நிக்கணும். அப்படித்தான் வெட்டினேன்." அவள் குரல் இறங்கியது. "இது சரியா நின்னாத்தான் கடைப் பேன்ட் வேலை எல்லாத்தையும் எனக்குக் குடுப்பேன்னு அண்ணன் சொல்லியிருக்கான். இல்லன்னா வெளியில மெஷின்ல குடுத்துடுவானாம். பரவாயில்ல. தப்பு என்னோடதுதான்."

தையல் பிரிக்கும் சின்ன முள்ளைப் பையிலிருந்து எடுத்தாள். நுனியை மடக்கி, முதல் இழையில் வைத்தாள்.

விற்பனையாளர் அவளுக்குப் பின்னால் நின்று 'வேண்டாம், வேண்டாம்' என்று ஸ்பேனருக்குத் தலையை ஆட்டினார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் பிரித்துவிடுவாள், உள்ளே விட்டிருக்கும் துணியை இறக்கித் தைத்துவிடுவாள், நாளை படம், அப்புறம் அண்ணன், அப்புறம் எல்லாம் சுபம். என்ன, ஆறு வருஷமாகத் தப்பாத கை தப்பிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டே இருப்பாள். இந்தப் பேன்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பாள்.

முள் இழைக்குள் நுழைந்தது.

"நிறுத்து!" என்று ஸ்பேனர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. "உன் அளவு தப்பில்ல. நான்தான் தப்பு."

பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். லேஸை அவிழ்த்தான். இடது பூட்ஸிலிருந்து ஒன்று, வலது பூட்ஸிலிருந்து ஒன்று. இரண்டு மெத்தைகளையும் அவள் உள்ளங்கையில் வைத்தான். விற்பனையாளர் கண்களை மூடிக்கொண்டார்.

"நான் ஐந்தடி ஐந்தரைதான். லிஃப்ட்ல நீ 'எவ்வளவு உயரம்'னு சொன்ன. அதைக் காப்பாத்தணும்னு... வயித்துவலியும் பொய்தான்."

அவள் மெத்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"பூட்ஸைப் போடுங்க."

போட்டான்.

"எழுந்து நில்லுங்க."

நின்றான். பேன்ட் நுனி பூட்ஸின் மேல் மெத்தென்று வந்து விழுந்தது. ஒரே ஒரு மடிப்பு. இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணாடிக்குள் நின்றவனை ஸ்பேனருக்கே அடையாளம் தெரியவில்லை. ஐந்தடி ஐந்தரையில் அவ்வளவு அட்டகாசமான ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை.

"அன்னைக்கு ஏணியில ஏறி வந்து நான் உங்க பக்கத்துலதானே நின்னேன்?" என்றாள் அவள். "அப்பவே கண்ணு அளந்துடுச்சு. மறுநாள் வந்தீங்க பாருங்க, ஒரே ராத்திரியில ஒன்றரை அங்குலம் வளந்து! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சரி, இன்னும் எவ்வளவுதான் வளர்றாருன்னு பாப்போம்னு மூணு மாசமா காத்துட்டிருக்கேன்."

"மூணு மாசமாத் தெரியுமா?" ஸ்பேனர் திருதிருவென்று விழித்தான். "அளவுல பொய் சொல்ற ஆளை நம்பவே மாட்டேன்னியே!"

"நம்பல. அதனாலதான் பேன்ட்டை நிஜ அளவுக்குத் தச்சேன். எனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்திருந்தீங்கன்னா, அதைப் பிரிச்சுத் தச்சுக் குடுத்துட்டு அதோட உங்களுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன்."

"அப்போ அண்ணன் சொன்ன கடைப் பேன்ட் வேலை?"

"அதைப் போன மாசமே குடுத்துட்டான்."

ஸ்பேனர் அசடு வழிந்தான். கடையில் யாரோ சிரித்தார்கள். அவள் ஒரு மெத்தையைப் பைக்குள் போட்டாள். "என் தையல் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. ரொம்ப நாளா ஆடிட்டிருக்கு, அதுக்காச்சு. இன்னொண்ணு என்கிட்டயே இருக்கும். அடுத்த தடவை பொய் சொன்னீங்கன்னா எடுத்து மேசையில வெப்பேன்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "வயிறு இப்ப பரவாயில்லைன்னா ராத்திரி சாப்பிட வாங்க. அப்புறம் அண்ணே..."

பூட்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த விற்பனையாளர் நிமிர்ந்தார். "என்ன மேடம்?"

"விக்கு பின்பக்கம் தூக்கிட்டிருக்கு. காது ஓரமா ரெண்டு கிளிப் போடுங்க. உங்க வீட்டம்மா என் கடைக்கு வர்றவங்கதான். உங்க விக்குக்கு என்ன கிளிப் போடலாம்னு போன வாரம்தான் கேட்டுட்டுப் போனாங்க."

மறுநாள் காலை பத்து மணி. அண்ணன் கேமராவோடு தரையில் குப்புறப் படுத்து, பூட்ஸிலிருந்து மேல்நோக்கி வரிசையாகப் பத்துப் படம் எடுத்தான். எழுந்து, திரையைப் பார்த்து, வாயைப் பிளந்தான்.

"ஆள் பாக்கறதுக்குச் சாதாரணமா இருந்தாரு. படத்துல என்ன இவ்வளவு உயரம்!"

அவள் கைப்பையைத் திறந்து உள்ளே கையை விட்டாள். மேசையில் எதையோ வைக்கப்போவதுபோல ஸ்பேனரைப் பார்த்தாள்.

"ஐந்தடி ஐந்தரை" என்றான் ஸ்பேனர் அவசர அவசரமாக. "கேமரா கீழ இருக்கு, அதான்."