அடுத்த ஆள்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு விதி உண்டு: யாருடைய ஒலிப்பதிவு ஓடுகிறதோ அவர் வாயைத் திறக்கக் கூடாது. வேல்ஸின் ஸ்வான்சி நகரில் வேலை வழிகாட்டும் உளவியலாளர்கள் நான்கு பேர், தங்களைத் தேடி வருகிறவர்களின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவுசெய்து, வாரக் கடைசியில் கூடி, தாங்கள் பேசிய லட்சணத்தைத் தாங்களே அலசுவார்கள். அன்று க்வெண்டாவின் முறை.

முதல் பதிவில் ஒரு டாக்டரின் மகன். "உனக்கு எதுப்பா பிடிக்கும்?" என்று க்வெண்டாவின் குரல் குழைந்தது. இரண்டாவதில் நெரிஸ், மூடப்போகும் எஃகு ஆலையின் கேண்டீனில் பரிமாறுகிறவள். "சீக்கிரமா எது கிடைக்கும்னு பாப்போமா, கண்ணு?" முதியோர் இல்ல வேலைக்கான பயிற்சி என்று முடிவானது. நெரிஸ் "சரிங்க" என்றாள்.

நால்வரில் ஒருவனான இட்ரிஸ் பதிவை நிறுத்தினான். "அவன்கிட்ட ஆசையக் கேட்ட. இவகிட்ட அது உனக்குத் தோணவே இல்லியே, க்வெண்டா?"

எங்கப்பாவே எஃகு ஆலை உலையடியில் வெந்தவர்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அந்த ஜனங்களை என்னைவிட யாருக்குத் தெரியும் என்று இத்தனை வருடம் மார்தட்டியவள். விதி விதிதான், உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை நெரிஸ் பயிற்சியில் சேர்ந்துவிடுவாள். கூட்டம் முடிந்ததும் முதல் வேலையாக அவளுக்குப் போன் போட்டாள்.

நெரிஸ் மாலையே மூச்சிரைக்க வந்தாள். "ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேங்களா?"

"நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். கிடைக்குமா கிடைக்காதாங்கறத விடு. உனக்கு எது பிடிக்கும்?"

நெரிஸின் முகம் காது வரை சிவந்தது. "சிரிக்கக் கூடாது."

"மாட்டேன்."

"நீங்க பாக்கற வேலதான். கேண்டீன்ல பாதிப் பேரு சாப்பாட்ட ஆறவிட்டுட்டு எங்கிட்டதான் மனசக் கொட்டுறாங்க."

அத்தனை வருடப் படிப்பு, இவளால் ஆகுமா என்று க்வெண்டாவுக்குள் ஒரு நினைப்பு எழுந்தது. மறுபடியுமா என்று அதன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு, கொடுத்த வாக்கையும் மீறிச் சிரித்துவிட்டாள். சந்தோஷம் தாங்காத சிரிப்பு. நெரிஸையும் அது தொற்றிக்கொண்டது.

"எந்திரிச்சு வா. இங்க உக்காந்து பாரு."

க்வெண்டா எழுந்து இடம்விட, நெரிஸ் மேசையைச் சுற்றி வந்து உட்கார்ந்தாள். நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"ம். அடுத்த ஆள வரச் சொல்லும்மா."

க்வெண்டா மகா பணிவோடு கதவைத் திறந்தாள். தன் முறைக்காக வெளியே காத்திருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.