கழித்த வானம்

அன்று மைத்துனன் சிரித்துக்கொண்டே என் அறைக்குள் வந்தானா, அல்லது என் வயிற்றெரிச்சல்தான் பிற்பாடு அவன் முகத்தில் அந்தச் சிரிப்பை ஒட்டவைத்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன.

அவன் என் மனைவியின் தம்பி. இருவரும் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம், நான்தான் சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு விண்மீன் திரளின் நடுவிலுள்ள தூசியை நான் எட்டு வருடம் அளந்தேன். அங்கே விண்மீன்களின் ஒளியைத் தூசி விழுங்கிவிடும். விழுங்கிச் சூடாகி, அகச்சிவப்பில் ஒளிரும். என் அளவுகளில் அந்த ஒளி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவன் புதிய தொலைநோக்கியில் ஒரே வருடம் பார்த்தான். மையத்தைச் சுற்றிச் சூடான தூசி வளையம் ஒன்று கிடைத்துவிட்டது. இயக்குநர் அவன் தோளைத் தட்டினார். வீட்டில் மனைவி மூன்று நாள் தம்பி புராணம் பாடினாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையை அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னான். பிழை கிடைக்காதா என்று ஒரு வாரம் துருவினேன். கிடைத்தது.

அகச்சிவப்பில் வானமும் கருவியும்கூடச் சூட்டால் ஒளிரும். அதனால் திரளை ஒருமுறை, பக்கத்து வெற்று வானத்தை ஒருமுறை பார்த்து, வானத்தின் ஒளியைத் திரளின் ஒளியிலிருந்து கழிப்போம். அவன் கழித்த வானம் வெற்றாக இல்லை. திரளிலிருந்து சுருண்டு விரியும் கைகளில் மங்கலான ஒன்று அதுவரை நீண்டிருந்தது. திரளின் ஒளியையே திரளிலிருந்து கழித்திருக்கிறான்.

அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது.

சாப்பிட்டு வந்து பார்த்தபோது அந்த இடத்தின் எண்கள் பழக்கப்பட்டவையாகத் தெரிந்தன. என் பழைய கோப்பைத் திறந்தேன். முதல் வருடம் நானே குறித்த இடம். எட்டு வருடமும் அதையே கழித்திருக்கிறேன். திருத்தினால் அவன் வளையம் இன்னும் பிரகாசமாகும். அங்கே சூடான தூசி இல்லை என்று நான் எழுதிய ஐந்து கட்டுரைகளும் விழும்.

சாயங்காலம் அவன் வந்தான்.

"என்ன அத்தான், குத்தம் கண்டுபிடிக்க ஒரு வாரமா? அக்காகிட்ட சொல்லிடுவேன்."

வெற்று வானத்தை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டேன்.

"உங்க கோப்புலதான். நீங்க பார்த்து வச்ச இடத்தை நான் எதுக்குத் திரும்பப் பார்க்கணும்?"

அவன் நாற்காலியில் ஆடிக்கொண்டு காத்திருந்தான். அந்த நம்பிக்கையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. நான் யாரையும் நம்பி ஒரு எண்ணைக்கூட எடுத்தவனில்லை.

"சரியாத்தான் இருக்கு. அனுப்பு," என்றேன்.

கட்டுரை வெளிவந்தது. அடுத்த வருடம் வேறொரு ஆய்வகம் அந்த இடத்திலும் தூசி இருப்பதைக் காட்டியது. மைத்துனன் திருத்தம் எழுதினான். பிழை தன்னுடையது என்றான். என் கோப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. வளையத்தின் பிரகாசம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. அவன் இப்போது வெளிநாட்டில் ஒரு குழுவை நடத்துகிறான். இயக்குநர் ஓய்வு பெற்றுவிட்டார். மனைவியிடம் அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் கட்டுரைகளை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நான் அதே ஆய்வகத்தில், யாருக்கு எந்த நாள் தொலைநோக்கி என்று அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன்.