கண் திறந்த குதிரை

மாலையில் கொச்சிக்கு வந்த உலகம் சுற்றும் கப்பல் மறுநாள் இரவே கிளம்பிவிடும். மற்ற பயணிகளெல்லாம் கடைத்தெருவில் யானைப் பொம்மைக்குப் பேரம் பேசப் போக, மிஸ் பெல்லமி மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். கடைப் பொம்மை வேண்டாமாம், மண்ணைப் பிசைகிற கையைப் பார்க்க வேண்டுமாம். வாடகைக் கார் ஓட்டும் இன்னாசிராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முதலமடைப் பக்கம் மண்குதிரை செய்கிற ஊர் ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தான். விடிவதற்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது.

கார் முதலாளி சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான். இந்த அம்மாளை விட்டுவிட்டுக் கப்பல் போனால், சாவியைக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரான தூத்துக்குடிக்கு நடந்தே போய்விட வேண்டியது. இன்னாசிராஜுக்குக் காரோட்டுவதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. வழியெல்லாம் அவன் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தான். அவள் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள்.

குயவர் குப்பண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு பானை வனைந்தாள். அது பானையாகவும் இல்லை, சட்டியாகவும் இல்லை. குப்பண்ணன் மனைவி மருதாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிஸ் பெல்லமி பொத்தாமலே சிரித்தாள். பிறகு சூளையோரம் வரிசையாக நின்ற குதிரைகளில் ஆட்டுக்குட்டி உயரத்துக்கு இருந்த ஒன்றைக் காட்டி, "இதுக்கு ஏன் கண்ணே இல்லை? கண் வைத்துக் கொடுக்கச் சொல், கப்பலுக்குக் கொண்டுபோகிறேன்" என்றாள்.

இன்னாசிராஜ் பாதியை மட்டும் சொன்னான். "அண்ணாச்சி, கண்ணு வைக்கணுமாம்."

குப்பண்ணன் ஏறிட்டுப் பார்த்தார். "ஏனுங்க டிரைவரு, கண்ணுத் தெறக்கோணும்னு அந்தம்மா மனசாரத்தான் கேக்கறாங்களா?"

"மனசாரத்தான் அண்ணாச்சி. சட்டுப்புட்டுன்னு வைங்க, நேரமாவுதுல்லா."

குப்பண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். தூரிகையால் ஒரு கண், அப்புறம் மறு கண். மருதாத்தாள் குலவையிட்டாள். அவ்வளவுதான், எங்கிருந்துதான் வந்ததோ, தப்பட்டை முழங்க ஊரே வாசலில் திரண்டுவிட்டது.

"என்ன அண்ணாச்சி இது?"

"கண்ணுத் தெறந்துட்டா அது பொம்மை இல்லீங்க, சாமி குதிரை. கேட்டவங்க தலையில வெச்சு இன்னைக்கே முனியப்பங்கிட்டக் கொண்டுபோய் உடோணும். கோயிலு பக்கந்தானுங்க, மலையடிவாரம்."

இன்னாசிராஜ் அம்மாளிடம் திரும்பினான். அம்மாள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்ற நப்பாசையில் விஷயத்தைச் சொன்னான். அவளோ கைதட்டிக் குதித்து, தொப்பியைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு, சும்மாட்டுக்குத் தலையை நீட்டினாள்.

ஊர்வலம் நகர்ந்ததா என்றால் நகர்ந்தது, நத்தை மாதிரி. புளியமரம் வந்தால் நின்று ஓர் ஆட்டம், கிணறு வந்தால் நின்று ஓர் ஆட்டம். குதிரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிஸ் பெல்லமியும் ஆடினாள். காரில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று இன்னாசிராஜ் கெஞ்சிப் பார்த்தான். "சாமி குதிரை நடந்துதாம் போகோணுமுங்க" என்றுவிட்டார்கள். பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு ஆத்திரம் தீர ஹாரனை அழுத்தினான். தப்பட்டைக்காரர் திரும்பிப் பார்த்து, "அட, தாளத்துக்குச் சேருதுங்க! உடாம ஊதுங்க!" என்றார். வெயில் மேற்கே சாயச் சாய இன்னாசிராஜும் ஊதிக்கொண்டே போனான்.

கோயிலில் முனியப்பன் உருட்டி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குதிரையை இறக்கி வைத்ததும், அங்கே பூசாரியும் தாமேயான குப்பண்ணன், "என்ன வேண்டுதல்னு சொல்லோணுங்க. வேண்டாத குதிரை நிக்காது" என்றார்.

மிஸ் பெல்லமி யோசித்துப் பார்த்தாள். "இன்றைக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. நீதான் காலையிலிருந்து அழுதுவடிகிறாய். என் பங்கையும் நீயே கேள்."

"நானா? நான் வேதக்காரன்லா!"

"முனியப்பன் அதெல்லாம் பாக்கமாட்டாருங்க, கேளுங்க" என்றார் குப்பண்ணன்.

இன்னாசிராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். கண்ணை இறுக மூடி, அடிவயிற்றிலிருந்து கத்தினான். "முனியப்பா, அந்தக் கப்பல் நகரக் கூடாது!"

அப்புறம் அவன் ஓட்டிய ஓட்டத்தில் வழியிலிருந்த கோழிகளெல்லாம் கூரையேறின. கொச்சிக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கிளம்பும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. ஆனால் கப்பல் விளக்குகளோடு ஜம்மென்று நின்றது! இன்னாசிராஜ் ஸ்டீயரிங்குக்கு முத்தம் கொடுத்தான். நெற்றியில் திருநீற்றோடு மிஸ் பெல்லமி படியேறிப் போனாள். பிழைப்புத் தப்பிய சந்தோஷத்தில் அவன் வீடு வரை விசிலடித்துக்கொண்டே போனான்.

மறுநாளும் கப்பல் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள், மாட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கப்பல் மட்டும் அசையவில்லை. அடுத்த நாள் காலையில் மிஸ் பெல்லமி இறங்கி அவன் காரிடம் வந்தாள். பின்னாலேயே வெள்ளை உடுப்பில், மிளகாய்ப் பழமாகச் சிவந்த முகத்தோடு கேப்டன்.

"நகரக் கூடாது என்றாயே, எதுவரைக்கும் என்று சொன்னாயா?" என்று கேட்டாள்.

இன்னாசிராஜ் யோசித்தான். சொல்லவில்லை. முதலில் பகீரென்றது. பிறகு சிரிப்பு வந்தது. காரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரித்தான். கேப்டன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வாசலில் கார் வந்து நின்றதும் குப்பண்ணன் சக்கரத்தை விட்டு எழுந்து கைகழுவினார்.

"அண்ணாச்சி, இன்னொரு குதிரை. கப்பல அவுத்துவிடச் சொல்லணும்."

"அதுக்கென்னுங்க, சொல்லிரலாம். இந்த வாட்டி யாருங்க தலையில வெக்கறது?"

இன்னாசிராஜ் மொழிபெயர்த்தான். கேப்டன் அவனை முறைத்தார், குதிரைகளைப் பார்த்தார், அதற்குள் தூரத்தில் முழங்கத் தொடங்கிவிட்ட தப்பட்டையைக் கேட்டார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.